வேர்ட்பிரஸ் தளம் பேச மறுக்கிறதா? புகாரைப் பிடித்துப் பிழைக்குப் போவோம்

நான் அமைத்துக் கொடுத்த ஒரு சிற்றிதழ்த் தளத்தைப் பற்றிய முதல் புகார் தொலைபேசியில் வந்தது. பேசியவர் பார்வையில்லாத, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். “தம்பி, உங்க பக்கத்துல தேதியும் போன் நம்பரும் மட்டும்தான் கேக்குது. கட்டுரை எங்கப்பா?” என்றார். கட்டுரை அங்கேதான் இருந்தது, மூவாயிரம் சொல்லுக்கு. குரோமின் சோதனைக் கருவியான லைட்ஹவுஸில் அணுகலுக்கு (பார்வையற்றோர் உட்பட எல்லோரும் பயன்படுத்த முடிகிறதா என்பதற்கு) 96 மதிப்பெண் வாங்கிய தளம் அது. அந்த எண்ணைப் படம் பிடித்து வாடிக்கையாளருக்கு அனுப்பியும் இருந்தேன்.

அதன் பிறகு மதிப்பெண்ணிலிருந்து தொடங்குவதில்லை. புகார் என்ன சொல்லில் வருகிறதோ, அங்கிருந்துதான் தொடங்குகிறேன். கீழே தலைப்புகளாக இருப்பவை அப்படிக் காதில் விழுந்தவை. எல்லாம் தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸை வைத்து எழுதியவை. அதே வகையைச் சேர்ந்த ஜூம்லாவிலும் ட்ருபலிலும் பொத்தான்களின் பெயர் மாறும், பிழையின் குணம் மாறாது.

## முதலில், இது யார் கைவேலை?

ஒரு வேர்ட்பிரஸ் பக்கத்தில் மூன்று பேரின் கைவேலை கலந்திருக்கிறது: தீம் (தளத்தின் தோற்றம்) எழுதியவர், ப்ளகின் (கூடுதல் வசதி) எழுதியவர், கட்டுரையை ஏற்றியவர். பிழை யாருடையது என்று தெரியாமல் கை வைத்தால், தீம் செய்த தப்புக்கு நூறு கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருப்போம். இல்லையென்றால் கட்டுரையாளர் செய்த தப்புக்குத் தீமை மாற்றுவோம். இரண்டையும் நான் செய்திருக்கிறேன். (‘தீம்’ஓடு ஐ சேர்த்தால் ‘தீமை’ ஆவது தற்செயல் என்றுதான் நம்புகிறேன்.)

பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. ‘ஹெல்த் செக் அண்ட் டிரபிள்ஷூட்டிங்’ என்ற இலவச ப்ளகினை நிறுவி, அதன் டிரபிள்ஷூட்டிங் முறையை இயக்குங்கள். உங்கள் கண்ணுக்கு மட்டும் எல்லா ப்ளகின்களும் அணைந்து, இயல்பான தீமில் தளம் தெரியும். வாசகர்களுக்கு எதுவும் மாறாது. அப்போதும் பிழை இருந்தால் அது கட்டுரைக்குள்ளோ தளத்தின் அமைப்புகளிலோ இருக்கிறது. மறைந்துவிட்டால், முதலில் உங்கள் தீமை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு ப்ளகின்களை ஒவ்வொன்றாக. எதைப் போட்டதும் பிழை திரும்புகிறதோ, குற்றவாளி அதுதான்.

சோதிக்க விண்டோஸில் என்விடிஏ போதும். காசு கிடையாது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரு நிரலாளர்கள் 2006இல் தொடங்கிய ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் அது. ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர் ஏற்கெனவே இருக்கும். என்விடிஏவை ஓடவிட்டு, மவுஸைத் தூரமாக வைத்துவிட்டு, முடிந்தால் திரையையும் அணைத்துவிட்டு உட்காருங்கள்.

## “தமிழை விட்டுட்டு நம்பரை மட்டும் படிக்குது”

ஆசிரியரின் புகார் இதுதான். பக்கம் தன்னை ஆங்கிலம் என்று அறிவித்துக்கொண்டிருந்தது. அந்த அறிவிப்பை நம்பி ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலை எடுத்தது. பல ஆங்கிலக் குரல்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தெரியாததை அப்படியே விழுங்கிவிட்டு, எண்களையும் ஊடே வரும் ஆங்கிலச் சொற்களையும் மட்டும் சொல்லும்.

உறுதிசெய்ய, பக்கத்தில் கன்ட்ரோலையும் யூவையும் அழுத்தி மூலநிரலைத் திறந்து, தொடக்கத்தில் வரும் எச்டிஎம்எல் குறியைப் பாருங்கள். அதில் ‘லாங்’ என்ற பண்பின் மதிப்பு தமிழுக்கான ‘டிஏ’ என்று தொடங்க வேண்டும். ஆங்கிலத்துக்கான ‘இஎன்’ என்றிருந்தால் பிடிபட்டது. லைட்ஹவுஸ் இதை ஏன் பிடிக்கவில்லை? அந்தப் பண்பு இருக்கிறதா, செல்லுபடியாகும் மொழிக்குறியா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. பக்கத்தின் மொழி உண்மையிலேயே அதுதானா என்று பார்ப்பதில்லை.

திருத்தம் செட்டிங்ஸில், ஜெனரலில், சைட் லாங்குவேஜில் இருக்கிறது. தமிழைத் தேர்ந்தெடுங்கள். இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் இரண்டும் தனித்தனியாக இருக்கும். இது ஒரு நிமிட வேலை. பிறகு ஏன் இத்தனை தமிழ்த் தளங்கள் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன? நான் கண்ட காரணம்: மொழியை மாற்றியதும் டேஷ்போர்டும் (நிர்வாகப் பக்கம்) தமிழுக்கு மாறிவிடுகிறது. ‘ப்ளகின்’ என்று பழகிய கைக்குச் ‘செருகுநிரல்’ தட்டுப்படுவதில்லை. உடனே ஆங்கிலத்துக்கே திருப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டியதில்லை. உங்கள் பயனர் சுயவிவரப் பக்கத்தில் மொழிக்குத் தனித் தேர்வு 2016இல் வந்த 4.7 பதிப்பிலிருந்தே இருக்கிறது. தளம் தமிழில் இருக்கட்டும், உங்கள் டேஷ்போர்டு ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

மாற்றிய பிறகும் மூலநிரலில் ‘இஎன்’தான் வருகிறதா? பழைய பாணித் தீம்களில் சிலர் மொழியைக் கையாலேயே எழுதிவைத்திருப்பார்கள். சைல்டு தீம் (தாய்த் தீமைத் தொடாமல் உங்கள் மாற்றங்களை மட்டும் வைக்கும் துணைத் தீம்) ஒன்றை உருவாக்கி, ஹெடர் கோப்பில் அந்த இடத்தில் வேர்ட்பிரஸின் லாங்குவேஜ் ஆட்ரிபியூட்ஸ் செயற்கூற்றைப் போடுங்கள். பக்கம் முழுவதையும் தொகுதிகளாக அடுக்கும் புதிய பாணிப் பிளாக் தீம்களில் இந்தத் தொல்லை இல்லை, வேர்ட்பிரஸே எழுதிக்கொள்ளும்.

பக்கம் சரியாக இருந்தும் குரல் மாறவில்லை என்றால், கேட்பவரின் கணினியில் தமிழ்க் குரல் இல்லாமல் இருக்கலாம். விண்டோஸில் ‘வள்ளுவர்’ என்ற பெயரில் தமிழ்க் குரல் கிடைக்கிறது, பேச்சு அமைப்புகளில் சேர்த்துக்கொள்ளலாம். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருளிலும் தமிழ் உண்டு. கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும். பழகியவர்கள் அதை நாம் நம்ப முடியாத வேகத்தில் கேட்பார்கள். என்விடிஏவின் பேச்சு அமைப்பில் தானியங்கி மொழிமாற்றம் இயங்குகிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஆசிரியருக்குச் சரிசெய்துவிட்டுச் சொன்னேன். மறுநாள் மறுபடி அழைத்தார். “இப்ப நல்லா பேசுது தம்பி. ஒற்றுப்பிழைதான் ரொம்ப இருக்கு.” கண்ணால் படிப்பவர் தாண்டிப் போய்விடும் பிழைகள் காதில் அப்படியே விழும். மெய்ப்புப் பார்க்கும்போது இப்போதெல்லாம் நானும் ஒருமுறை கேட்டுவிடுகிறேன்.

## “என்னமோ இங்கிலீஷ் எழுத்தா கூட்டிச் சொல்லுது”

பழைய தளத்திலிருந்து கொண்டுவந்த பதிவுகளில் வரும் புகார் இது. திரையில் தமிழ் அழகாகத் தெரியும். உள்ளே இருப்பது தமிழே இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ‘அம்மா’ என்று நம் கண்ணுக்குத் தெரிவது, கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். எழுத்துரு போர்த்திய முகமூடியைக் கண் நம்பிவிடுகிறது. ஸ்கிரீன் ரீடர் முகமூடியைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறி தரும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்று ஆணையிட்டது 2010இல். அதற்கு முன்பு தட்டச்சு செய்த எதையும் சந்தேகத்தோடுதான் தொட வேண்டும்.

ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துக் குவியல் வந்தால் பழைய குறியாக்கம். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இதை யூனிகோடாக்கும்.

இந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. “ஆயிரம் பதிவு இருக்கே” என்று தரவுத்தளத்தை மொத்தமாக இறக்கி மாற்றியில் போட்டுவிடாதீர்கள். எச்டிஎம்எல் குறிகளும் ஆங்கில எழுத்துகள்தானே? மாற்றிக்கு வேறுபாடு தெரியாது. பத்திக் குறியும் இணைப்பு முகவரியும் சேர்ந்தே தமிழாகிவிடும். ஆங்கிலப் பெயர்களும் மேற்கோள்களும் தப்பாது. காப்பு எடுத்துவிட்டு, குறிகள் நீங்கிய வெறும் உரையைப் பதிவு பதிவாக மாற்றி ஒட்டுவதுதான் பாதுகாப்பு. அலுப்பான வேலைதான். அதிகம் படிக்கப்படும் பதிவுகளிலிருந்து தொடங்கினால் நாளுக்குப் பத்து முடிக்கலாம். செலவழித்த நேரத்துக்கு ஒரு போனஸும் உண்டு: அதுவரை எந்தத் தேடுபொறிக்கும் தெரியாமல் கிடந்த அந்தப் பதிவுகள் தேடினால் கிடைக்கத் தொடங்கும்.

## “விழா எப்பன்னு போடவே இல்லையே”

போட்டிருப்பீர்கள், அழைப்பிதழைப் படமாக. படத்துக்கு மாற்று உரை (படத்துக்குப் பதிலாக ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும் வரி) எழுதாமல் விட்டால் வேர்ட்பிரஸின் படத் தொகுதி அதை வெற்று உரையாக வெளியிடும். “இது வெறும் அலங்காரம், தாண்டிப் போ” என்று ஸ்கிரீன் ரீடருக்கு அதற்குப் பொருள். அதனால் கேட்பவருக்கு அங்கே ஒரு படம் இருந்ததே தெரியாது. தெரிந்தால்தானே “படத்துல என்ன இருக்கு?” என்று கேட்பார்!

அதே படத்துக்கு இணைப்பும் கொடுத்திருந்தால் அறிகுறி தலைகீழாக மாறும். இணைப்புக்குப் பெயர் தேடிப் பார்த்து, கிடைக்காமல், கோப்பின் பெயரையே ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும். “வாட்ஸ்அப் இமேஜ் 2024…” என்று தேதி, நேரம், புள்ளி, ஜேபெக் வரை.

மாற்று உரையில் படத்தின் வேலையை எழுதுங்கள். ‘அழைப்பிதழ் படம்’ என்பது யாருக்கும் உதவாது. நாள், இடம், நேரம், பேச்சாளர் என்று செய்தி நீண்டால் அதை மாற்று உரைக்குள் திணிக்காமல், படத்துக்குக் கீழே சாதாரணப் பத்தியாகவே தட்டச்சு செய்துவிடுங்கள். பார்வையுள்ளவர்களுக்கும் அதை நகலெடுத்து அனுப்ப முடியும். கோலம், கோடு, பூ வேலைப்பாடு என்றால் காலியாகவே விடுங்கள், அது தவறல்ல.

பலரையும் குழப்பும் விஷயம் ஒன்று. மீடியா நூலகத்தில் உட்கார்ந்து இருநூறு படங்களுக்கும் மாற்று உரை எழுதி முடித்து நிமிர்ந்தால், பழைய கட்டுரைகளில் எதுவுமே மாறியிருக்காது. படத்தைக் கட்டுரையில் செருகும் நேரத்தில் நூலகத்தின் உரை நகலெடுக்கப்படுகிறது, அத்தோடு தொடர்பு அறுந்துவிடுகிறது. ஏற்கெனவே செருகிய படங்களைக் கட்டுரைக்குள் போய்த்தான் திருத்த வேண்டும். கட்டுரையின் முகப்புப் படம் மட்டும் விதிவிலக்கு, அது நூலகத்திலிருந்தே உரையை எடுத்துக்கொள்ளும்.

## “எச் அடிச்சா எதுவும் வரல”

ஸ்கிரீன் ரீடரில் எச் விசை தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவும். 1 முதல் 6 வரை அழுத்தினால் அந்தந்த மட்டத்துத் தலைப்புகளுக்குப் போகும். நீண்ட கட்டுரையைக் கண்ணால் மேய்வதற்கு ஈடான காது வழி இதுதான். எச்சுக்கு எதுவும் சிக்கவில்லை என்றால் கட்டுரையாளர் தலைப்புகளைப் பத்தியாக எழுதி, பெரிதாக்கி, தடித்த எழுத்தாக்கி இருக்கிறார். வேர்டிலிருந்து ஒட்டும்போது இது அடிக்கடி நடக்கிறது. அந்த வரியைத் தேர்ந்தெடுத்துத் தலைப்புத் தொகுதியாக மாற்றினால் முடிந்தது.

தலைப்பு வருகிறது, ஆனால் 2க்கு அடுத்து 5 என்று தாவுகிறது என்றால், அளவு சின்னதாக அழகாக இருக்கிறதென்று ஐந்தாம் மட்டத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். மட்டம் என்பது உள்ளடக்கத்தின் அடுக்கு. அளவு பிடிக்கவில்லையென்றால் அதை ஸ்டைலில் மாற்றலாம். எடிட்டரின் லிஸ்ட் வியூவில் அவுட்லைன் என்ற தாவலைத் திறந்தால் மட்டம் தவறிய இடங்களை அதுவே சுட்டும். பதிவின் தலைப்பை முதல் மட்டத்தில் தீம் ஏற்கெனவே போட்டுவிடும், கட்டுரைக்குள் நீங்கள் இரண்டிலிருந்து தொடங்குங்கள்.

## “மேலும் படிக்க, மேலும் படிக்க, மேலும் படிக்க…”

என்விடிஏ விசையோடு எஃப்7 அழுத்தினால் பக்கத்தின் இணைப்புகள் பட்டியலாக வரும். முகப்பில் பத்துப் பதிவுகள் இருந்தால் பத்து ‘மேலும் படிக்க’. எது எதற்கென்று யாருக்குத் தெரியும்? பதிவின் தலைப்பையே இணைப்பாக்கிவிட்டு ‘மேலும் படிக்க’வை எடுத்துவிடுவது என் வழக்கம். இதுவரை யாரும் அதைத் தேடி அழைத்ததில்லை.

## “டேப் அடிக்கிறேன், எங்க நிக்கிறேன்னு தெரியல”

இந்தப் புகார் பார்வையுள்ளவர்களிடமிருந்தும் வரும். கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாதவர்கள், தோள்பட்டை வலியால் விசைப்பலகைக்கு மாறியவர்கள். டேப் அழுத்தும்போது நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு கோடு தெரிய வேண்டும். அழகைக் கெடுக்கிறதென்று தீம் எழுதியவர் சிஎஸ்எஸ்ஸில் (தோற்றத்தை வகுக்கும் நிரல்) அந்தக் கோட்டை, அதாவது அவுட்லைனை, அழித்திருப்பார். கூடுதல் சிஎஸ்எஸ் பகுதியில் ‘ஃபோகஸ்-விசிபிள்’ நிலைக்கு (விசைப்பலகையால் வந்து நிற்கும் இடம்) 3 பிக்சல் தடிமனில், பின்னணியிலிருந்து பளிச்சென்று தெரியும் நிறத்தில் அவுட்லைன் கொடுங்கள். மவுஸால் சொடுக்குபவருக்குப் பொதுவாக அது தெரியாது, எனவே “அசிங்கமா இருக்கு” என்று வடிவமைப்பாளரும் சண்டைக்கு வரமாட்டார்.

துணைப்பட்டி மவுஸ் மேலே வந்தால்தான் திறக்கிறதா? பிளாக் தீமில் நேவிகேஷன் தொகுதியின் அமைப்பில் ‘ஓபன் ஆன் க்ளிக்’ என்ற தேர்வை இயக்குங்கள். மெனு தொடக்கத்தில் முப்பது இணைப்புகள் இருந்தால், அவற்றைத் தாண்டி நேரே உள்ளடக்கத்துக்குக் குதிக்கும் இணைப்பு முதல் டேப்பிலேயே வர வேண்டும். வரவில்லையென்றால் தீம் தேர்விலேயே கோட்டை விட்டிருக்கிறீர்கள். வேர்ட்பிரஸின் தீம் கிடங்கில் ‘ஆக்சஸிபிலிட்டி ரெடி’ என்ற வடிகட்டி இருக்கிறது, அடுத்த தளத்தையாவது அங்கிருந்து தொடங்குங்கள்.

டேப் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து, எஸ்கேப் அழுத்தியும் வெளியேற முடியவில்லையென்றால் பெரும்பாலும் பாப்அப் ப்ளகின். அதைத் திருத்த முயன்று மூன்று நாள் வீணாக்கியவன் சொல்கிறேன்: நீக்கிவிடுங்கள்.

தானாக நகரும் ஸ்லைடரும் ஓடும் செய்தி வரியும் இதே கணக்கில்தான் சேரும். ஐந்து நொடிக்கு மேல் தானாக நகரும் எதற்கும் நிறுத்தும் வழி வேண்டும் என்கிறது உலகளாவிய வழிகாட்டியான டபிள்யூகேக். நம்மூர்த் தளங்களுக்கு ஓடும் வரி மேல் அப்படியென்ன ஆசையோ!

## “படிவத்துல எது பேரு, எது நம்பர்னு தெரியல”

கட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் ‘உங்கள் பெயர்’ என்று எழுதிவிட்டு வெளியே எதுவும் எழுதாமல் விட்டிருப்பார்கள். சில ஸ்கிரீன் ரீடர்கள் அதையும் வாசித்துவிடும், அதனால் பிழை ஒளிந்துகொள்ளும். ஆனால் தட்டச்சத் தொடங்கியதும் அந்த எழுத்து மறைகிறது. பாதியில் நிறுத்தித் திரும்பி வருபவருக்கு எது என்ன கட்டம் என்று தெரியாது. காண்டாக்ட் ஃபார்ம் 7 என்ற படிவ ப்ளகினில் புதிய படிவம் தொடங்கினால், கட்டத்தின் பெயரைச் சொல்லும் லேபிள் குறி கட்டத்தைச் சுற்றியே வரும். அதை நம் ஆட்கள் ‘இடம் அடைக்கிறது’ என்று அழிக்கிறார்கள். திரும்பப் போடுங்கள். பிழை நேர்ந்தால் கட்டத்தைச் சிவப்பாக்குவதோடு நிற்காமல், ‘தொலைபேசி எண்ணில் 10 இலக்கம் வேண்டும்’ என்று சொல்லாலும் சொல்லுங்கள்.

வருபவர் மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா தனிக் கதை. வளைந்த எழுத்துப் படத்தைப் படிக்கச் சொல்வது பார்வையற்றவரிடம் கதவைச் சாத்துவதுதான். கண்ணுக்குத் தெரியாத பொறிக் கட்டம் வைக்கும் ஹனிபாட் முறை சிறு தளங்களின் ஸ்பேமுக்குப் போதும். கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) போன்ற முறைகளை எதிர்த்த வழக்கில், டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘எங்கள் தளத்துக்கு யார் கண் தெரியாதவர் வரப்போகிறார்’ என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

## “எழுத்து மங்கல், பெருசாக்கவும் முடியல”

இரண்டு பிழைகள் சேர்ந்து வருகின்றன. மங்கலுக்கு அளவுகோல் உண்டு: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1. வெள்ளையின் மேல் 777777 என்ற சாம்பல் 4.48இல் தோற்கிறது, 767676 என்றால் 4.54இல் தேறுகிறது. இதைக் கேட்டு 767676ஐப் போட்டுவிட்டு நகராதீர்கள். மெல்லிய கோடுள்ள தமிழ் எழுத்துருவில் தேர்ச்சி மதிப்பெண் போதாது, இன்னும் கருமையாக வையுங்கள். வரி இடைவெளி மிகவும் குறைந்தால் மேல்வரியின் ‘ழு’ கீழ்வரியின் ‘கீ’யில் போய் முட்டும்.

விரல் விரித்தால் பெரிதாகவில்லை என்ற புகார் ஆண்ட்ராய்டுக்காரர்களிடமிருந்தே வரும். கைபேசித் திரையில் பக்கத்தின் அளவைத் தீர்மானிக்கும் வியூபோர்ட் குறியில், தீமை எழுதியவர்கள் பெரிதாக்கலைத் தடுத்திருப்பார்கள். ஐபோனின் சஃபாரி அந்தத் தடையை மதிப்பதில்லை, அதனால் ஐபோன் வைத்திருக்கும் வடிவமைப்பாளருக்கு இது தெரியவே தெரியாது. அந்தத் தடையைச் சைல்டு தீமில் நீக்குங்கள்.

## “பிடிஎஃப் திறக்குது, பேசல”

ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம். ஸ்கேன் அல்லாததிலும் நிம்மதி இல்லை. ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், ‘கொ’வின் கொம்பு ஒருபக்கமும் கால் ஒருபக்கமும் சிதறியிருக்கும். காதிலும் அப்படித்தான் விழும். அதே செய்தியைப் பக்கமாகவே வெளியிட்டு, பிடிஎஃப்பை அச்சிட விரும்புபவர்களுக்குத் துணையாக வையுங்கள்.

## “ஒரு ப்ளகின் போட்டா எல்லாம் சரியாயிடுமாமே?”

மூலையில் நீல வட்டத்துக்குள் ஒரு மனித உருவம், அழுத்தினால் எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும். மேலே சொன்ன எதையும் அது நம்பகமாகத் திருத்தாது. பாமினி பாமினியாகவேதான் இருக்கும், பாப்அப் பாப்அப்பாகவேதான் இருக்கும். தன் கருவி எந்தத் தளத்தையும் வழிகாட்டிக்கு இணங்க வைக்கும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025 ஜனவரியில் அறிவித்தது.

## “போன மாசம் சரியா இருந்துச்சே!”

தீமை நேரடியாகத் திருத்தியிருப்பீர்கள், புதுப்பிப்பு வந்து துடைத்துவிட்டது. சைல்டு தீமுக்கு மாறுங்கள். சைல்டு தீமில்தான் செய்தேன் என்றால், தாய்த் தீம் தன் ஹெடர் கோப்பைப் புதுப்பித்திருக்கும், உங்களுடையது பழையதிலேயே நிற்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தீமே மாறவில்லை என்றால், பெரும்பாலும் புதிதாகக் கட்டுரை ஏற்றத் தொடங்கியவர் யாரோ இருக்கிறார். அவருக்கு மின்னஞ்சல் அனுப்பாமல், என்விடிஏ ஓடும் கணினி முன்னால் பத்து நிமிடம் உட்கார வையுங்கள், அவருடைய கட்டுரையையே ஓடவிட்டு.